லேசான மூன்று கால்கள்

அத்தானிடம் இருந்த பெரிய கேமரா படம் எடுப்பதற்கானது என்பது எங்கள் வீட்டில் ஒரு வதந்தியாகவே இருந்துவந்தது. மரச்சட்டம், முன்னால் லென்ஸ், நடுவில் மடிப்பு மடிப்பாக விரியும் கறுப்புத் துருத்தி, பின்னால் ஒரு மங்கலான கண்ணாடி. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். அத்தானுக்கு அது நேராகத் தெரிவதாகவே எனக்குப் படும்.

அந்தக் கேமராவைக் கையில் பிடித்துப் படம் எடுக்க முடியாது. ட்ரைபாட், அதாவது மூன்று கால் தாங்கி வேண்டும். ஊர் சுற்ற லேசான ட்ரைபாட் வேண்டும், இவ்வளவு கனத்தைத் தாங்க உறுதியான ட்ரைபாட் வேண்டும். இரண்டும் ஒன்றாய் அமையும்வரை வாசல்படி தாண்டுவதில்லை என்று அவர் விரதம் பூண்டிருந்தார்.

வீட்டில் இருந்த ஒரே சின்ன அறை கேமராவுக்கு. அத்தானின் மனைவி, என் அக்கா, துணி தைப்பவள். நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் செய்வாள். அவளுடைய தையல் மெஷின் சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் அதைத் தூக்கித் தரையில் வைக்க வேண்டும், சாப்பிட்டதும் மேலே ஏற்ற வேண்டும். துணி போட்டுப் பார்க்க வருகிற பெண்கள் குளியலறைக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். கேமராவுக்கு இருந்த ஜன்னல் அவர்களுக்கு இல்லை.

அத்தானுக்கு ஒரு நண்பர் உண்டு. கனம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர். அக்கா அவருக்கு ஈர்க்குச்சி என்று பேர் வைத்திருந்தாள். தினமும் சாயங்காலம் அவர் ஃபோனில் வருவார்.

"கார்பன்தான். அலுமினியத்தை நினைச்சுக்கூடப் பார்க்காதே," என்பார்.

"கால் அடிப்பாகம் ரொம்ப மெலிசா இருக்கே?"

"மெலிசா இருந்தாத்தான் லேசா இருக்கும்."

இந்த ஞானத்தை அத்தான் எச்சில்கூட விழுங்காமல் கேட்டுக்கொள்வார்.

பிறகு பரீட்சை தொடங்கியது. கடையிலிருந்து வரவழைத்த ட்ரைபாட்டை ஹாலில் விரித்து, அதன் தலையில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தார். தண்ணீர் அசைந்தால் ட்ரைபாட் தோல்வி. நாங்கள் பூனைபோல நடந்தோம். ஒருநாள் அக்கா மெஷினை ஓட்ட, தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழுந்தது.

"நிறுத்து, நிறுத்து! அலை வருது பாரு!"

"நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குது. இந்த யூனிஃபார்ம் எல்லாத்தையும் இன்னைக்கே குடுக்கணும்."

"ஒரு வாரம் பொறுத்துக்கோ. இதை முடிவு பண்ணிடறேன்."

"நீங்க முடிவு பண்றதுக்குள்ள அந்தப் பிள்ளைங்க காலேஜ் போயிடும்."

ட்ரைபாட் திரும்பிப் போனது. இன்னொன்று வந்தது. அதுவும் போனது. கூரியர்காரர் என்னைப் பார்த்தால் பரிதாபமாகச் சிரிக்கத் தொடங்கினார். கடைசியாக வந்தது, நாரைக் காலைவிட ஒல்லியான ஒன்று. ஈர்க்குச்சி கண்ணீர் மல்க ஆசீர்வதித்தார். அத்தான் ஒரு பயணமே அறிவித்தார்: மலைப்பக்கம், ஆற்றின் குறுக்கே, ரயில் ஓடாத ஒரு பழைய பாலம்.

அறிவித்த கையோடு சமையலறைத் தராசை எடுத்துவந்து மூட்டையைக் குறைக்கத் தொடங்கினார். சோப்பைப் பாதியாக வெட்டினார். துண்டையும் பாதியாக வெட்டினார். அக்காவின் குடையைத் தராசில் வைத்தபோதுதான் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அங்க போய் ஒரு படமாவது எடுப்பீங்களா?"

"என்ன கேள்வி இது?"

"ஒரே ஒரு படம். எடுத்தா அந்த ரூம் உங்களுக்கே. நான் மேஜையோட மல்லுக்கட்டிக்கறேன், வாயே திறக்க மாட்டேன். எடுக்கலைன்னா ரூம் எனக்கு. மெஷின் உள்ள போகும், கேமரா பரண்ல ஏறும்."

"ஒண்ணென்ன, பத்து எடுப்பேன்."

"நீ சாட்சி," என்றாள் என்னிடம்.

பாலத்தை ஆற்றங்கரையிலிருந்து பார்ப்பதற்கு ஒரு சிமெண்ட் மேடை கட்டியிருந்தார்கள். அங்கே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்து, கல் தூண்கள் ஒவ்வொன்றும் உள்ளிருந்து எரிவதுபோல் சிவந்திருந்தன. எனக்கே மூச்சு நின்றது. நிற்காதது காற்று மட்டும்தான்.

அத்தான் ட்ரைபாட்டை விரித்து, கேமராவை ஏற்றி, துருத்தியை இழுத்தார். காற்று அதைப் பாய்மரமென்று நினைத்துக்கொண்டது. கறுப்புத் துணி அவர் தலையை விட்டு என் முகத்தில் அறைந்தது. நாரைக்கால்கள் குளிர் காய்ச்சல் கண்டவன்போல நடுங்கின.

"அதுக்குத்தான் அடியில கொக்கி குடுத்திருக்கான். கனமா எதையாவது தொங்கவிட்டா நின்னுடும்," என்றார் அத்தான், வெற்றிப் புன்னகையோடு.

கனமாக எதுவும் இல்லை. எல்லாவற்றையும் வீட்டிலேயே இளைக்கவைத்துவிட்டல்லவா வந்திருந்தோம்? காலிப் பையைத் தொங்கவிட்டார். அது கொடிபோலப் படபடத்து நடுக்கத்தை இன்னும் கூட்டியது.

"பைக்குள்ள கல்லைப் போடுங்களேன் அத்தான்."

"கிழிஞ்சுரும்மா. ரொம்ப லேசான துணி."

சூரியன் மலையைத் தொட இன்னும் கொஞ்ச தூரம்தான். அப்போது அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் சம்மணம் போட்டாள். கொக்கியை இரண்டு கையாலும் பற்றித் தன் உடம்பின் கனத்தையெல்லாம் அதில் போட்டுக் கீழ்நோக்கி இழுத்தாள். நடுக்கம் சட்டென்று நின்றது. கேமரா தரையில் முளைத்தது மாதிரி நின்றது.

"எடுங்க," என்றாள்.

அத்தான் துணிக்குள் புகுந்துகொண்டார். நான் அக்காவின் பக்கத்தில் குந்தினேன்.

"விட்டுடுக்கா," என்று காதில் சொன்னேன். "கை வழுக்கிடுச்சுன்னு சொல்லு. ரூம் உனக்கு."

"சும்மா இருடி. அந்தப் பாலத்தைப் பாரு, எப்படி இருக்கு. யாராவது எடுத்தாத்தான் என்ன?"

அவள் விரல்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. அந்தச் சின்ன அறை, ஜன்னல், துணி மாற்ற ஒரு திரை, எல்லாவற்றையும் அவளே தன் இரண்டு கையாலும் அத்தானுக்குத் தாரைவார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு வயிறெரிந்தது.

பிறகு அத்தான் தலையை வெளியே எடுத்தார். முகம் ஏதோ துக்கச் செய்தி கேட்டதுபோல் இருந்தது.

"சரியா வராது," என்றார்.

"ஏன்? ஆடுதா?"

"ஆடல. அதுதான் பிரச்சினை. நீ பிடிச்சதால ஆடல. அப்ப ட்ரைபாட் என்ன பண்ணுச்சு?"

அக்கா அண்ணாந்து பார்த்தாள். கையை இன்னும் விடவில்லை.

"படம் வருமா, வராதா?"

"படம் அருமையா வரும். ஆனா சாயங்காலம் ஃபோன்ல அவன் கேப்பான் இல்ல, காத்துல எப்படி நின்னுச்சுன்னு? பொண்டாட்டி கட்டிப் பிடிச்சுக்கிட்டா, அதான் நின்னுச்சுன்னு சொல்லவா? இதைவிட லேசா ஒண்ணு வந்திருக்காம், கால் இன்னும் அகலமா விரியுமாம். அடுத்த தடவை அதோட வந்து முறையா எடுப்போம்."

அக்கா கையை விட்டாள். கால்கள் மறுபடி நடுங்கத் தொடங்கின. அத்தான் அவசர அவசரமாகக் கேமராவைக் கழற்றினார். ஃபிலிம் தாள்கள் ஒன்றுகூட வெளிச்சம் காணாமலேயே பைக்குள் திரும்பின. அதற்குள் பாலம் சாம்பல் நிறமாகிவிட்டது.

அக்கா உள்ளங்கையில் பதிந்திருந்த கொக்கியின் தடத்தைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "மெஷினை ஜன்னலுக்கு நேரா போடலாமா, பக்கவாட்டுல போடலாமா? நேரா போட்டா நூல் கோக்க வெளிச்சம் நல்லா இருக்கும்."

"பக்கவாட்டுல போடுக்கா. திரை கட்ட இடம் கிடைக்கும்."

அத்தான் பையின் ஜிப்பை மூடியபடி திரும்பினார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"எந்த ஜன்னல்?"