இரண்டாம் வரிசையிலிருந்து தெரியும் குதிகால்

பாங்கு சொல்ல இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வஜ்தி கண்ணைத் திறந்து கட்டிலுக்குக் கீழே தரையைப் பார்த்தான். தரையும் அவனைப் பார்த்தது.

வெறும் சிமெண்டுத் தரைதான். ஐன் திராஹிம் மலைமேல் இருக்கும் அந்தக் கால்பந்துப் பயிற்சி முகாமில் எல்லா அறையிலும் அதே தரை, அதே பச்சைப் புள்ளி. ஆனால் ஒன்பது வாரமாகத் தூங்கி எழுந்து முதல் அடி வைக்கும்போதெல்லாம் யாரோ அவன் வலது குதிகாலில் ஆணி அடித்தார்கள். இரண்டாவது அடியில் ஆணி கொஞ்சம் வளையும். இருபதாவது அடிக்குள் வெறும் கல்லாகிவிடும். கல்லோடு ஓடலாம். கல்லோடு கோல்கூடப் போடலாம். போன மாதம் ஒன்று போட்டான். ஆணியோடுதான் ஒன்றும் செய்ய முடியாது.

ஊரில் ஒரு மருத்துவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, “உள்ளங்கால் நார்ப்பட்டை புண்ணாகியிருக்கு. ரெண்டு மாசம் ஓடாதீங்க” என்றார், ஏதோ கறிவேப்பிலையை ஒதுக்கச் சொல்வதுபோல. வஜ்தி நன்றி சொன்னான். அன்று சாயங்காலமே பயிற்சிக்குப் போய் ஓடினான்.

அவன் பயத்துக்கு வெள்ளிக்கிழமை என்று பெயர். முகாமில் இருபத்தேழு பேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பயிற்சியாளர் முன்ஸிர் இருபத்திரண்டு பெயர்களை வாசிப்பார். மீதி ஐந்து பேர் பையைக் கட்ட வேண்டியதுதான். வஜ்திக்கு வயது இருபத்தொன்பது. இந்த வயதில் வெளியே போன, ஓரத்தில் ஓடும் இறக்கை ஆட்டக்காரனை இரண்டாம் பிரிவில் எவனும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். மாமனாருக்குச் செங்கல் சூளை இருந்தது. மருமகனுக்கென்று ஒரு தள்ளுவண்டியை இப்போதே ஒதுக்கி, சக்கரத்துக்கு எண்ணெயும் போட்டு வைத்திருந்தார். அன்பாகத்தான்.

முன்ஸிருக்குக் குதிகால் என்றாலே ஆகாது. இரண்டு வருடம் முன்பு, ஆட்டத்தின் நடுவில், வலது பின்காவல் லஸ்அத் பந்தே இல்லாத இடத்தில் பட்டென்று நின்றான். சாக்கு கிழிவதுபோல ஒரு சத்தம். யார் உதைத்தது என்று திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவரும் இல்லை; அறுந்தது அவன் குதிகால் நார். பத்தடி தூரத்தில் நின்ற வஜ்திக்கு அந்தச் சத்தம் இன்றைக்கும் கேட்கும், குறிப்பாக யாராவது ரொட்டியைப் பிய்க்கும்போது. லஸ்அத் இப்போது வாடகை வண்டி நிலையத்தில் ஊர்ப் பெயரைக் கத்தி ஆள் சேர்க்கிறான். உட்கார்ந்துகொண்டே.

அதற்குப் பிறகு முன்ஸிர் ஒரு வழி கண்டுபிடித்தார். முகாமில் எல்லோரும் விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு வந்தாக வேண்டும். சங்கத் தலைவர் அதைக் கேட்டுக் கண் கலங்கினாராம். ஆனால் முன்ஸிர் தொழுகைக்கூடத்து வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பது, தூக்கத்திலிருந்து வரும் இருபத்தேழு பேரின் நடையைப் பார்க்கத்தான். தொழும்போது இரண்டாம் வரிசையில் நிற்பார். எல்லோரும் அதைப் பணிவு என்று நினைத்தார்கள். சஜ்தாவில், நெற்றி தரையில் பட, விரல்களை மடக்கி ஊன்றி இருக்கும் முன்வரிசைக் குதிகால்கள் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். போன வருடம் மூன்று பேரை அப்படித்தான் அனுப்பினார்.

ஆகவே வஜ்தி பாங்குக்கு முக்கால் மணி முன்பே எழுந்தான். சமையலறை உறைபெட்டியில் ஆட்டிறைச்சிக்குப் பின்னால் ஒளித்து உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலை இரவே எடுத்து வந்து துண்டில் சுற்றி வைத்திருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதைக் காலடியில் உருட்டினான். பல்லைக் கடித்தான்.

“மச்சான், அந்தப் பாட்டிலுக்கு எப்போ நிக்காஹ்?” போர்வைக்குள்ளிருந்து கேட்டான் ஹாத்திம். அறைத்தோழன், கோல் காவலன்.

“வாயை மூடுடா.”

“ராத்திரி பூரா அதைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குற. உன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா?”

“கோச்சுக்குத் தெரிஞ்சாதான்டா பயம். நீ எங்கயும் சொல்லலையே?”

“நான் ஏன் சொல்றேன்? எனக்கென்ன வந்துச்சு?” என்று ஹாத்திம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்சம் வேகமாகவே திரும்பினான்.

வஜ்தி அறைக்குள் முந்நூறு அடி நடந்தான். ஆணி கல்லாயிற்று. பாங்கு கேட்டதும், நல்ல பிள்ளையாக, நிமிர்ந்து படியிறங்கிப் போனான். வியாழக்கிழமை. இன்னும் ஒரே நாள்.

வாசலில் தூணோரம் முன்ஸிர். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கால் வந்த இடத்தில் கண் நின்றது.

“இமாமுக்குக் காய்ச்சல். வரமாட்டார்” என்றார். “வஜ்தி, நீ சின்ன வயசுலயே குர்ஆன் ஓதி முடிச்சவன்தானே? இன்னைக்கு நீ முன்னால நில்லு.”

வஜ்தி ஹாத்திமைக் கைகாட்டினான். “ஹாத்திம் நல்லா ஓதுவான் கோச்.”

“ஹாத்திமா? அவன் ஓதினா பூனை கத்துற மாதிரி இருக்கும். நீ நில்லுப்பா.”

முன்னால் தனியே நிற்கும் இமாமின் குதிகால்களை மறைக்க யாருமில்லை. அவனுக்கு நேர் பின்னால், முதல் வரிசையில், முகாமுக்கு வந்த இத்தனை நாளில் முதன்முறையாக முன்ஸிர் வந்து நின்றார்.

வஜ்தி கைகட்டினான். நிற்கும்வரை ஆபத்தில்லை, கால் சூடாக இருந்தது. குனிந்து, விரலை மடக்கி, உட்கார்ந்து எழுந்தால்தான் நார் இழுக்கும். அதனால் ஓத ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. சின்ன அத்தியாயம் ஒன்றைத்தான் நினைத்திருந்தான். வாயில் பெரியது வந்தது. பக்கம் பக்கமாக ஓதினான். இறைவனிடம் மன்னிப்புக் கேட்டான். அதையும் குதிகாலை நினைத்துத்தான் கேட்கிறோம் என்று தெரிந்து இன்னொரு முறை கேட்டான். மலைக்குளிர் கூடத்துப் பாயின் வழியே ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ காலை மாற்றி நின்றார்கள். பிறகு இன்னொருவர். யாரோ மூக்கால் மூச்சை இழுத்தார்கள்.

சஜ்தாவில் விரல் மடங்கியபோது கண்ணுக்குள் வெள்ளையாகப் பளிச்சிட்டது. மறுபடி எழுந்து, இரண்டாம் ரக்அத்தையும் அதே நீளத்துக்கு ஓதினான். கடைசி இருப்பில் வலது பாதத்தை நட்டு வைக்க வேண்டும். வைத்தான். அது காற்றில் பிடித்த கொடிக்கம்புபோல நடுங்கியது. அந்த நடுக்கத்தின்மேல் முன்ஸிரின் பார்வை வெயில்போல விழுவதாக அவனுக்குத் தோன்றியது.

இருபக்கமும் முகம் திருப்பி ஸலாம் கொடுத்து முடித்தான். இனி எழ வேண்டும். ஆறிப்போன காலில் முதல் அடி. தள்ளுவண்டி கண்முன் வந்து நின்றது, எண்ணெய் போட்ட சக்கரத்தோடு.

எழ முடியாமல், இமாம்கள் செய்வதுபோல உட்கார்ந்தபடியே பின்னால் திரும்பினான். மற்றவர்கள் எழுந்து போகட்டும், கடைசியாகப் போய்க்கொள்ளலாம்.

யாரும் எழவில்லை.

இருபத்தாறு பேரும் தலையைக் குனிந்து, இறைவன் பெயரை முணுமுணுத்து திக்ரு செய்துகொண்டிருந்தார்கள். மற்ற நாட்களில் ஸலாமின் வலதுபக்கம் முடிவதற்குள் இடதுபக்கம் செருப்பைத் தேடும் கூட்டம் இது. இன்றைக்கு முப்பத்து மூன்று தடவை சொல்லி முடித்து மறுபடி தொடங்கினார்கள். நடுக்கள ஆட்டக்காரன் நிஸார் இரண்டு கைகளாலும் தன் வலது பாதத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். ஹாத்திம் இடது பாதத்தை. வஜ்தியின் கண்ணைப் பார்த்ததும் சடாரென்று கையை எடுத்தான்.

“டீ ஆறுதுப்பா!” என்று மப்ரூகா அக்கா சமையலறையிலிருந்து கத்தினாள். “அப்படியே அந்த உறைபெட்டியையும் காலி பண்ணுங்க! பதினெட்டுத் தண்ணி பாட்டில் கிடக்கு, இறைச்சி வைக்க எடமில்ல!”

திக்ரு சத்தம் கூடியது.

வஜ்தி முன்ஸிரைப் பார்த்தான். இப்போது எழுவார், வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார். முன்ஸிரும் எழவில்லை. நெற்றியில் வேர்வை, அந்தக் குளிரில். அவர் ஏன் எப்போதும் தூணோரம் நிற்கிறார் என்று வஜ்தி இதுவரை யோசித்ததே இல்லை.

கடைசியில் முன்ஸிர்தான் எழுந்தார். கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, வலது குதிகால் தரையில் படாமல். நுனிவிரலில் மூன்றடி வைத்து வஜ்தியின் அருகே குனிந்தார்.

“எனக்கும் ஆறு வருஷமா இருக்கு” என்றார், மெதுவாக. “சங்கத் தலைவர்கிட்ட நீ வாயைத் திறந்தேன்னா பாரு... எல்லாருக்கும் இருந்தா, எல்லாரையும் எப்படிடா நான் அனுப்புறது?”

“அப்போ நான்...?”

“நீ இருக்க. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல தொண்ணூறு நிமிஷமும் நீ ஓடுற. உனக்குப் பதிலா இறக்க எனக்கு வேற ஆள் இல்ல.”

வெள்ளிக்கிழமை அவன் பெயரை நான்காவதாக வாசித்தார். கை தட்டினார்கள். வஜ்தி ஒன்பது வாரமாகக் கேட்க ஏங்கிய பெயர் அது. தள்ளுவண்டி போய்விட்டது. அது நின்ற இடத்தில் லஸ்அத் நின்று, யார் உதைத்தது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை உடைமாற்றும் அறையில் பதினொரு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவர் கதவைத் தட்டினார். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் ஏற்கெனவே கட்டிய பூட்ஸ் கயிற்றை மறுபடி கட்டினார்கள்.

“நீ முதல்ல போடா இமாமு” என்றான் ஹாத்திம். குரலில் கேலி பாதிதான் இருந்தது.

நடுவர் மறுபடி தட்டினார். மைதானத்துப் பக்கம் எங்கோ முரசு கேட்டது. யாரோ கேலரியில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள் என்று வஜ்தி நினைத்தான். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையில் வைத்தான்.