இடது பின்னங்கால்

சீனாவில் கம்யூன் என்ற கூட்டுப்பண்ணையைக் கலைத்தபோது லான்யிங்குக்கு ஒரு காளையின் இடது பின்னங்கால் கிடைத்தது. மற்ற மூன்று கால்களும் மூன்று வீடுகளுக்கு. ஊரில் எல்லா மாடுகளையும் அப்படித்தான் பங்கு வைத்தார்கள். முறை வைத்து உழுதுகொள்ள வேண்டும்.

குளிர் முற்றி வைக்கோல் குறைந்ததும் மற்ற மூன்று வீடுகளும் ஒன்று சேர்ந்துகொண்டன. புத்தாண்டுக்கு முன் வெட்டினால் டவுனில் கறிக்கு நல்ல விலை; இப்போதெல்லாம் சொந்தமாக விற்பவனை யாரும் பிடித்துக்கொண்டு போவதில்லை. லான்யிங் மட்டும் மசியவில்லை. புருஷன் இல்லாத வீடு. மாடும் போனால் ஏர்க்கயிறு அவள் தோளில்தான் ஏறும்.

காலையில் அவள் பனி மூடிய களத்துக்கு ஓடி வந்தபோது பெண்கள் ரத்தம் பிடிக்கச் சட்டிகளோடு நின்றிருந்தார்கள். மூன்று பங்குக்காரர்களில் ஒருவனான கொழுந்தன் தேஷெங் கையில் கோடாலி.

“என் கால விட்டுட்டு மத்த மூணையும் வெட்டிக்கோ.”

“அந்த ஒத்தக் கால வச்சு நீ உழுவியாக்கும்!” என்றாள் சட்டிக்காரி ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

லான்யிங்குக்கு முகம் எரிந்தது. வாயில் வந்தது பழைய கம்யூன் சட்டம். “உழவு மாட்ட வெட்டக் கூடாது. நொண்டி மாடுன்னாதான் வெட்டலாம். மறந்துட்டீங்களா?”

 தேஷெங் கோடாலியைத் திருப்பிப் பிடித்து, மழுங்கிய பக்கத்தால் காளையின் வலது முன்னங்காலில் ஓங்கி அடித்தான். பச்சை மூங்கில் பிளப்பதுபோல் சத்தம். காளை முகம் குப்புற விழுந்து அலறியது.

“என் காலத்தான் அடிச்சேன், அண்ணி. உங்க காலத் தொடவே இல்ல. இப்ப நொண்டி மாடுதானே?”

கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, கட்டுவதற்குக் கயிற்றோடு குனிந்தான். கால்வாய் வெட்டில் மண் சரிந்து அவள் புருஷன் செத்தபோது, நசுங்கிய முகத்தை அவள் பார்க்காதபடி தன் கோட்டைக் கழற்றி மூடியவன் இவன். அதே கைகள். அதை நினைத்துக்கொண்டேதான் அவள் கோடாலியை எடுத்தாள். அவன் பிடித்தது போலவே திருப்பிப் பிடித்தாள். வழியைச் சொல்லிக் கொடுத்தது தன் வாய்தான் என்ற நினைப்பு கைக்கு இன்னும் பலம் கொடுத்தது.

தேஷெங்கின் முழங்காலுக்குக் கீழே அடி விழுந்தது. அதே சத்தம். உடம்பெங்கும் ஒரு வெதுவெதுப்பு பரவியது. அடி விழுந்ததைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“அண்ணி... ஐயோ, அண்ணி...” பனியைக் கைகளால் பிறாண்டினான் தேஷெங். ஒரு சட்டி விழுந்து உருண்டது. யாரும் கிட்டே வரவில்லை.

அவனுக்குப் பக்கத்தில் காளை எழப் பார்த்தது. வழுக்கி விழுந்தது. மறுபடியும் பார்த்தது. இடது பின்னங்காலைப் பனியில் அழுத்தி ஊன்றி, தொடை நடுநடுங்க, அத்தனை பாரத்தையும் மேலே தள்ளிக்கொண்டிருந்தது.