உடைய வேண்டிய கரை

எங்கள் ஆற்றில் ஆண்டு முழுக்க மணல்தான். மலையில் மழை கொட்டினால் அரைநாள் வெள்ளம் வரும், பிறகு மறுபடி மணல். அந்த அரைநாளில் தண்ணீரை வயலுக்குத் திருப்பினால்தான் எங்களுக்குச் சோளம். அதற்காக ஆற்றின் குறுக்கே மணலையும் முள்ளையும் குவித்துக் கரை போடுவோம். செலவென்று பார்த்தால் இடுப்புவலிதான்.

மேலே அண்ணன் கரை, கீழே என் கரை. அவன் வயல் நிறைந்து வெள்ளம் ஏறினால் அவன் கரை தானாகக் கரைந்து உடையும். அதன்பின் தண்ணீர் எனக்கு. உடைவதற்கென்றே போடும் கரை அது.

இந்த முறை முள் வெட்டப் போனவள், அவன் கரைமேல் மண்வெட்டியை ஊன்றினேன். ணங் என்றது. மணலைத் தள்ளிப் பார்த்தால் வரிசையாகச் சிமெண்ட் மூட்டைகள், கல்லாக இறுகிக் கிடந்தன. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அண்ணன் தன் வரப்பில்தான் நின்றிருந்தான்.

"என்னண்ணே இது?"

"கரை. ஒவ்வொரு தடவையும் உடைஞ்சா யாரு கட்டுறது?"

"உடையலன்னா எனக்குத் தண்ணி எப்படி வரும்?"

"உனக்குத்தான் கல்யாணத்தப்பவே எல்லாம் குடுத்தாச்சே."

"அப்பா குடுத்தது வயலு. தண்ணியில்லாத வயல்ல பாய் விரிச்சுப் படுக்கவா?"

மண்வெட்டியை ஓங்கினேன். அண்ணன் நான் வெட்டும் இடத்திலேயே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சின்ன வயதில் ஊஞ்சலை விட்டுத்தராமல் உட்காருவானே, அதே முகம்.

"வெட்டு பாக்கலாம்."

"வெட்டுறேன். காலை மடக்கி வெச்சுக்கோ."

அவனைச் சுற்றியே வெட்டினேன். மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் மூட்டையைப் புரட்டியதில் உள்ளங்கை தோல் உரிந்தது. இரண்டாவது அசையவே இல்லை. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் வெட்டினேன்.

அண்ணி கடப்பாரையோடு கரையேறி வந்தாள். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"இது உடையலன்னா வெள்ளம் எங்க வரப்பத்தான் உடைக்கும். மேல்மண்ணு பூரா போயிடும். தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா இந்த மனுஷன்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மூட்டைக்கு அடியில் கடப்பாரையைச் செருகினாள்.

"நீயும் அவகூடச் சேர்ந்துட்டியா?" என்றான் அண்ணன்.

"நான் என் வயலுகூடச் சேர்ந்திருக்கேன். எந்திரிங்க."

அவன் எழவில்லை. மூட்டைகள் புரண்டன. பிளந்த இடத்தை மணலும் முள்ளும் போட்டு நாங்களே அடைத்தோம். அவன் பங்கு அவனுக்குப் போகட்டும். நான் ஒன்றும் திருடியில்லை.

அடைத்து முடித்ததுமே ஆற்று வளைவில் லாரி வருவதுபோல் இரைச்சல் கேட்டது. அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூவரும் மேட்டுக்கு ஓடினோம்.

வெள்ளம் முதலில் அவன் வாய்க்காலுக்குள் திரும்பியது. அவன் வயல் நிறையும் வரை கரை நின்றது. பிறகு நாங்கள் அடைத்த இடம் சரிந்து, ஆறு என் பக்கம் பாய்ந்தது. என் கரையில் முட்டித் திரும்பி, வெடித்துக் கிடந்த என் வயலுக்குள் தண்ணீர் நுழைந்தபோது தொண்டை கிழியக் கத்தினேன். அவ்வளவு சந்தோஷம்.

அண்ணன் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே, "அடுத்த தடவையும் மூட்டை போடத்தான் போறேன்" என்றான்.

"போடு. மண்வெட்டி என்கிட்டதான் இருக்கு."

"கடப்பாரை என்கிட்ட" என்றாள் அண்ணி.