நீல நூலில் இரண்டு முடிச்சு

1959 ஜூலை ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, என் நோட்டில் எழுதியிருப்பது இது: "வாஷரும் டிரையரும் வந்து சேர்ந்தன. இரண்டும் ஆம்ப்ரோஸ் அண்ணன் கொட்டகையில். டிரையரின் பின்மூடியைத் திறந்து பார்த்தேன். கம்பிகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன. சூடு வருகிறது. டிரம் சுற்றவில்லை."

சூடு வருகிறது என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் இரண்டு வாரம் நான் அந்த வரியை நம்பவில்லை.

பகலில் நான் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் திருகும் ஆணியும் எண்ணிக் கொடுப்பவன். ஜோகுபாளையத்தில் ஆம்ப்ரோஸ் அண்ணன் வீட்டுப் பின்பக்க அறையில் குடியிருந்தேன். அக்கா கோலார் தங்கவயலில் இருந்தாள். வேறு யாரும் இல்லை. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் எலக்ட்ரிக்கல் வகுப்பு. அங்கே இரண்டிரண்டு பேருக்கு ஒரு மேசை. நான்காம் மேசையில் எனக்கு ஜோடி டெஸ்மண்ட்.

வகுப்பில் ஒரு விதி உண்டு. கழற்றிய கம்பிக்கு அடையாளம் போடாமல் மேசையை விட்டு எழுந்தால் மார்க் கிடையாது. முனையில் ஒட்டு நாடாவைச் சுற்றி, அதன்மேல் ஒரு நூல் கட்ட வேண்டும். முதல் திருகில் இருந்த கம்பிக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு. மற்ற மேசைகளில் வெள்ளை நூல். எங்கள் மேசையில் மட்டும் நீலம், ஏனென்றால் டெஸ்மண்டின் அம்மா மௌரீன் ஆன்ட்டி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீலச் சீருடை தைப்பவர். நாடாவின் கடைசியைக் கொஞ்சம் மடித்து விடுவதும் எங்கள் பழக்கம். உரிக்கும்போது நகத்துக்கு அகப்படும்.

அந்த யந்திரங்களை ஏலத்தில் பார்த்தவன் டெஸ்மண்ட்தான். யுத்த காலத்தில் ஓர் அமெரிக்க அதிகாரி கொண்டுவந்து விட்டுப்போன ஜோடி. வாஷர் ஒரு வெள்ளை எனாமல் தொட்டி, அதன் தலையில் துணியைப் பிழிய இரண்டு ரப்பர் உருளைகள். டிரையர் ஆள் இடுப்பளவு பெட்டி. உள்ளே டிரம் சுற்றும், சூடான காற்று வரும், துணி காய்ந்துவிடும். நம் ஊர் மின்சாரத்தில் நேரே சொருகினால் புகைதான் என்று ஏலக்காரரே ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொடுத்தார். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம்.

"பாரு மேன்," என்றான் டெஸ்மண்ட், மாட்டு வண்டியில் யந்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு. "ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் இந்த ஊர்ல எவன் வீட்லயாவது துணி காயுதா? ஓட்டல்காரன், நர்ஸிங் ஹோம்காரன் எல்லாரும் ஈரத் துணியை வெச்சிக்கிட்டு வானத்தைப் பார்க்கிறான். நாம ஒரு போர்டு மாட்டுவோம். மழையிலும் ஒரே நாளில். அவ்வளவுதான்."

"உங்க அம்மா?"

அவன் அக்கா இங்கிலாந்தில் இருந்தாள். மௌரீன் ஆன்ட்டிக்கும் அவனுக்கும் கப்பலில் இடம் சொல்லி வைத்தாயிற்று. போவதா இல்லையா என்று ஜூலை முப்பத்தொன்றுக்குள் உறுதி சொல்ல வேண்டும்.

"மம்மி போகட்டும். அக்கா பார்த்துப்பா," என்றான். "இந்த ரெண்டும் முப்பத்தொண்ணுக்குள்ள ஓடட்டும், நான் போகல. ப்ராமிஸ். உன்னை விட்டுட்டு அந்தக் குளிர்ல போய் நான் என்ன பண்ணுவேன்?"

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியத்தை அன்றைக்கு நோட்டில் எழுதவில்லை. எழுதினால் கெட்டுவிடும் என்று ஒரு பயம்.

வாஷர் அதிகம் படுத்தவில்லை. கெட்டித்துப் போயிருந்த உருளை ரப்பரை உரித்துவிட்டு, லாரி ட்யூபை வெட்டி இழுத்துச் சுற்றினேன். தொட்டியின் அடியில் ஒழுக்கை அடைத்தேன். பத்தாம் தேதி அது தலையை ஆட்டிக்கொண்டு ஆம்ப்ரோஸ் அண்ணனின் நான்கு வேட்டிகளைத் துவைத்தது. அண்ணன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னப்பா, பட்டனையும் சேர்த்துத் துவைச்சிடுமா?"

"வேட்டியில பட்டன் ஏதுண்ணே?"

"அதான் இதைக் குடுத்தேன். சட்டை நக்கோ, வேணாம். முதல்ல உன் சட்டையைப் போட்டுப் பாரு."

டிரையருக்கு டிரம்மின் அச்சு துருப்பிடித்து இறுகியிருந்தது. பன்னிரண்டாம் தேதி அதை விடுவித்தோம். பெல்ட் வாங்க நான் சிவாஜிநகர் போய்வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது டெஸ்மண்ட் பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, டிரான்ஸ்ஃபார்மரை அதன் பக்கத்தில் அணைத்து நிறுத்தியிருந்தான். இடம் மிச்சம் என்றான். சட்டை முதுகு நனைந்திருந்தது. பெல்ட்டை முன்பக்கமாகவே மாட்டி ஓட்டினோம். டிரம் சுற்றியது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். குளிர்ந்த காற்று.

"சூடு வரலையே," என்றேன்.

"ஏன் மேன்?" என்றான் அவன், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு.

மறுநாளிலிருந்து நான் சூட்டுக் கம்பிச் சுருளோடு மல்லுக்கு நின்றேன். அச்சை விடுவிக்கும்போது அந்தச் சுருளை முன்பக்கமாகக் கழற்றி மாட்டியவன் நான். எனவே தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். மூன்று முறை கழற்றினேன், மூன்று முறை மாட்டினேன். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் சுருள் நன்றாகவே இருந்தது. அப்படியானால் லேம்பைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஐந்தாம் தேதிக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சூடு வருகிறது. எப்படி வந்திருக்கும்? வெயிலில் வண்டியில் வந்த பெட்டி, தகடு சுட்டிருக்கும், அதை நான் சூடு என்று எழுதியிருப்பேன். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். குறிப்பு சரி, நடுவில் ஏதோ மாறியிருக்கிறது என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

டெஸ்மண்ட் வருவது குறைந்தது. வந்தாலும் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பான். மம்மிக்கு இருமல் என்பான். மம்மி தையல் மெஷினை விற்றுவிட்டாங்க என்பான். ஒரு நாள், "அக்கா அனுப்பின போட்டோ பார்க்கிறியா?" என்று கேட்டு, பையில் கைவிட்டு, எடுக்காமலே விட்டுவிட்டான்.

இருபத்தாறாம் தேதி ஞாயிறு. காலையிலிருந்து தூறல். டெஸ்மண்ட் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். இனிப் பார்க்காமல் விட்ட இடம் பின்மூடி ஒன்றுதான். ஆம்ப்ரோஸ் அண்ணன் சர்ச்சிலிருந்து வந்ததும் ஒரு கை பிடிக்கச் சொன்னேன். பெட்டியை நகர்த்திக் கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

நான்கு திருகுகள். உள்ளே, சூடு மீறினால் தானே நிறுத்திவிடும் ஒரு சின்ன வட்டக் கருவி. அதன் இரண்டாவது திருகில் இருக்க வேண்டிய கம்பி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. முனையில் நாடா. நாடாவின் கடைசியில் சின்ன மடிப்பு. மேலே நீல நூல், இரண்டு முடிச்சு.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். நோட்டை எடுத்து ஐந்தாம் தேதியிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பின்மூடியை நான் திறந்தது ஒரே ஒரு தடவை, அந்த முதல் நாள். அன்று நான் எதையும் கழற்றவில்லை. நீல நூல் கட்டுகிறவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். பன்னிரண்டாம் தேதி அந்த இரண்டு மணி நேரம் ஒருவன் சிவாஜிநகரில் பெல்ட் வாங்கிக்கொண்டிருந்தான்.

கோபம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிச்சுகளைப் பார்க்கப் பார்க்கக் கோபம் தங்கவில்லை. கம்பியை வெறுமனே பிடுங்கிப் போட்டிருக்கலாம். வெட்டியிருக்கலாம். உட்கார்ந்து, நாடா சுற்றி, மடித்து, நூல் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பின்னால் ஒருவன் சரியான இடத்தில் மாட்ட வேண்டுமே என்று. போக வேண்டும் என்பதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதவனால், கம்பி எந்தத் திருகுக்கு உரியது என்பதை மட்டும் சொல்லாமல் போக முடியவில்லை.

நாடாவை உரித்தேன். நகத்துக்கு அகப்பட்டது. கம்பியை மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் டிரம்முக்குள் கை வைக்க முடியாத சூடு. கேள்விக்குறியை அழித்தேன். அந்த வரி சரியாகத்தான் இருந்தது.

மணி ஒன்றரை. இப்படியே விட்டால் மூன்று மணிக்கு அவன் வந்து கையை உள்ளே விடுவான். ப்ராமிஸ் என்று சொன்னவன். சொன்னால் இருந்துவிடுவான், அது எனக்குத் தெரியும். மௌரீன் ஆன்ட்டி இருமிக்கொண்டே தனியாகக் கப்பல் ஏறுவார். மழையிலும் ஒரே நாளில் என்று போர்டு இருக்கும். என் பக்கத்து ஸ்டூலில் ஆள் இருக்கும். அவன் பையில் அந்த போட்டோ இருக்கும்.

இரண்டரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்விட்சை அணைத்து, கம்பியைக் கழற்றினேன். அதே நாடா, அதே மடிப்பு, அதே நூல். என் முடிச்சு கொஞ்சம் பெரிதாக விழுந்தது. அவிழ்த்து மறுபடி போட்டேன். மூடியை மூடினேன். பெட்டியைத் தனியாகச் சுவரோடு தள்ள முடியவில்லை. அப்படியே விட்டேன்.

டெஸ்மண்ட் வந்ததும் பெட்டி நகர்ந்திருப்பதைத்தான் முதலில் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன மேன்? வந்துச்சா?"

"வரலைடா. ரெண்டு வாரமா பார்க்கிறேன். எனக்கு இந்த வேலை வராது போல."

"அப்படிச் சொல்லாத." குரல் உயர்ந்தது. "கிளாஸ்ல உன்னை மாதிரி எவன் இருக்கான்? சும்மா அப்படிச் சொல்லாத, அசோக்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, மெதுவாக, "பின்மூடியைத் திறந்தியா?" என்றான்.

அவன் அதைக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும்.

"திறந்தேன்," என்றேன். "கம்பி எல்லாம் இடத்துலதான் இருக்கு."

அவன் என்னையே பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன்.

"மம்மி தனியா கப்பல் ஏற மாட்டாங்க, அசோக்," என்றான் கடைசியில்.

"தெரியும்."

"நான் சொல்லியிருக்கணும்."

"டீ குடிக்கலாமா?" என்றேன்.

அன்றைய குறிப்பு: "சூடு வரவில்லை. காரணம் தெரியவில்லை." என் நோட்டுகளில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

அவர்கள் ஆகஸ்டில் பம்பாய் ரயிலில் போனார்கள். மௌரீன் ஆன்ட்டி ஸ்டேஷனில் என் கையில் ஒரு நீல நூல் கண்டைத் திணித்தார். "கிளாஸுக்கு வேணுமாம், டெஸ்மண்ட் சொன்னான். இங்கிலாந்துல நூல் கிடைக்காதா என்ன, நீயே வெச்சுக்கோ," என்றார். டெஸ்மண்ட் சாமான்களை எண்ணுவதுபோலத் திரும்பி நின்றுகொண்டிருந்தான். வண்டி நகர்ந்ததும் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

வகுப்பில் ஆசிரியர் என்னை இரண்டாம் மேசைக்கு மாறச் சொன்னார். நான்கிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். ஜோடி இல்லாமல் எப்படிச் செய்வாய் என்றார். மெதுவாகச் செய்வேன் என்றேன். வகுப்பு சிரித்தது.

செப்டம்பரில் நாலு நாள் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை காலை, மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொள்ளக் காய்ந்த சட்டை இல்லை. கொட்டகைக்குப் போனேன். பின்மூடியைத் திறந்து, நூலை அறுக்காமல் அவிழ்த்து, நோட்டுக்குள் வைத்தேன். கம்பியை மாட்டினேன்.

சத்தம் கேட்டு ஆம்ப்ரோஸ் அண்ணன் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். கையை டிரம்முக்குள் விட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"அட, வேலை செய்யுதே! அந்தப் பையன் இருக்கிறப்ப இதைச் செஞ்சிருந்தா அவன் போயிருப்பானா? உனக்கு எல்லாமே லேட்டுதான்பா."

"ஆமாண்ணே," என்றேன்.

"என் வேட்டி நாலு ஈரமா கிடக்கு. கொண்டு வரட்டா?"

"இது முடியட்டும்ணே."

அவர் போய்விட்டார். ஒரு குடும்பத்தின் துணிக்கு என்று செய்த டிரம் அது. உள்ளே என்னுடைய இரண்டு சட்டைகள் மட்டும் மேலே ஏறுவதும் கீழே விழுவதுமாக இருந்தன. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். திறந்து பார்க்கத் தேவையில்லை; ஆனாலும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தேன், காய்ந்துவிட்டதா என்று.