போர்டு மாறிய சனிக்கிழமை

கடைத்தெருவை ஒருவழிப் பாதையாக்கிய புண்ணியவானை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ராஜா காலத்தில் நூல் பிடித்துப் போட்ட தெரு அது. ஸ்டேஷனில் தொடங்கி மார்க்கெட்டில் முடியும். ஜட்காவும் மாட்டு வண்டியும் மட்டும் போய்க்கொண்டிருந்த வரைக்கும் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. சமஸ்தானம் போய்ப் பத்து வருஷத்துக்குள் அரிமளம் பஸ், ஆவுடையார்கோவில் பஸ், கீரமங்கலத்து வாழைத்தார் லாரி என்று எல்லாம் அதே தெருவுக்குள் புகுந்து, மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. அதனால் நகரசபை ஒரு போர்டு நட்டது. வண்டிகள் மார்க்கெட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு வரத்தான் இனிக் கடைத்தெரு. மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் பின்னால் செக்கடித் தெருவில் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

ஊராருக்கு அது நாலு நிமிஷச் சுற்று. எனக்கோ வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி. ஏனென்றால், ஜட்கா ஓட்டுகிற என் வீட்டுக்காரர் மீரா சாகிபுக்குக் கண் தெரியாது.

முதலில் அந்தி மங்கினால்தான் தடுமாறினார். அப்புறம் பட்டப்பகலிலேயே வெயில் எது நிழல் எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாமல் போயிற்று. அதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "விளக்குச் சிம்னியைத் தொடைக்கக் கூடாதா புள்ள?" என்பார். சிம்னி பளபளவென்று இருக்கும். பகலில் புழுதியைத் திட்டுவார். நானும் சொல்லிக்காட்டியதில்லை. மீன் குழம்பு வைத்தால் முள்ளையெல்லாம் எடுத்துவிட்டுத் தட்டில் வைப்பேன். "இன்னைக்கு மீனுல முள்ளே இல்லையே, நல்ல மீனு" என்பார். "பாத்துத்தானே வாங்குனேன்" என்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாங்கள் இரண்டு வருஷம் மறைத்தோம்.

வண்டியை உண்மையில் ஓட்டியது சிட்டு என்கிற எங்கள் குதிரைதான். பதினோரு வருஷமாக ஒரே ஸ்டேஷன், ஒரே தெரு, ஒரே மார்க்கெட். எங்கே ஒதுங்கவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. மிச்சத்தை அவருடைய காதும் மூக்கும் பார்த்துக்கொண்டன. காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்தால், "என்ன ஆத்மநாதன், யாவாரமெல்லாம் எப்படி?" என்று கடைப்பக்கம் கை தூக்குவார். கடைக்காரரும் கை தூக்குவார். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது.

அது தப்பு என்று எனக்குத் தெரியாதா? மார்க்கெட்டை ஒட்டிய பெண்கள் பள்ளிக்கூடத்து சொர்ணவல்லி டீச்சர் தினமும் அந்த வண்டியில்தான் போய்வருவார். கூட நாலைந்து பிள்ளைகளும் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் வண்டிச் சத்தம் எங்கள் சந்துக்குள் திரும்பி வருகிற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. அரிசியைக் களைவேன், பாதியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். ஒருநாள், "வயசாகுதே, வண்டியைக் குடுத்துட்டா என்னங்க?" என்று கேட்டுப் பார்த்தேன். "குடுத்துட்டு? மூலையில குந்திக்கிட்டு மௌத்துக்குக் காத்திருக்கவா?" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு இன்றுவரை என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

போர்டு நட்ட அன்று சாயங்காலம் ஒரு பொய் சொன்னேன். "சிட்டு ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைக்குது. மூணு நாளைக்கு வண்டி பூட்ட வேணாம். காலையில நான் கொஞ்சம் நடத்திட்டு வாரேன்."

அவர், "எங்கிட்டு நடத்துவே?" என்று கேட்டார்.

"செக்கடித் தெரு வழியாத்தான். அங்கதான் மண்ணு மெத்துன்னு இருக்கும்."

"சரி, நடத்து" என்றார்.

மூன்று நாளும் விடிகாலையில் அவர் சுபுஹு தொழப் போன கையோடு நான் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். மடியில் அருகம்புல், கையில் கயிறு. ஸ்டேஷன் முக்கில் கடைத்தெருப் பக்கம் இழுக்கிற சிட்டுவைச் செக்கடிப் பக்கம் திருப்பி ஒரு பிடி புல். செக்கு மேட்டில் ஒரு பிடி. மார்க்கெட் வாசலில் ஒரு பிடி. அங்கிருந்து கடைத்தெரு வழியாகத் திரும்பி வரவேண்டும். செக்கடியில் எண்ணெய்க்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பாயம்மா குதிரைக்குப் பள்ளிக்கூடம் வச்சிருக்கு" என்றாள் மூக்காயி. "ஆமா, நீயும் வந்து சேந்துக்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மூன்றாம் நாள் கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் போனேன். சிட்டு ஒரு முக்கிலும் தப்பவில்லை. நடுத்தெருவில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நாலாம் நாள் வண்டி பூட்டிப் போய்வந்தவர், "சிட்டுக்கு எம்புட்டுப் புத்தி பாத்தியா? ஒரே நாள்ல புது வழியப் படிச்சிருச்சு" என்றார். "அதுக்குத்தான் புத்தி" என்றேன்.

இப்படிப் பதினைந்து நாள் ஓடியது.

பதினாறாம் நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் அரைநாள். உச்சிக்குக் கொஞ்சம் முந்தி உப்பு வாங்கப் போனவள், ஸ்டேஷன் முக்கில் நகரசபை ஆட்கள் இரண்டு பேர் கடப்பாரையும் கையுமாக அந்தப் போர்டைப் பிடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என்னண்ணே, ஒன்வேயை எடுத்தாச்சா?"

"எடுக்கல பாயம்மா. மாத்திப் போடச் சொல்லியிருக்காக. ஸ்டேஷன்ல எறங்குற ஆளெல்லாம் செக்கடியில சுத்தி நேரா மார்க்கெட்டுக்குப் போயிருதாம். இங்கிட்டு ஒரு கடையிலயும் யாவாரம் இல்லைன்னு கடைக்காரக மனுக் குடுத்துட்டாக. இனிமே ஸ்டேஷன்ல இருந்து போறதுக்குக் கடைத்தெரு, திரும்பி வாரதுக்குச் செக்கடி. இந்தப் போர்டை மார்க்கெட் முக்குல கொண்டுபோய் நடணும்."

"எப்ப இருந்து?"

"இப்ப இருந்துதான்."

அவர் சொல்லி வாயை மூடவில்லை, அரிமளம் பஸ் ஒன்று கடைத்தெருவுக்குள் மார்க்கெட்டைப் பார்த்துத் திரும்பியது. அதன் பின்னாலேயே ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. மார்க்கெட் பக்கம் பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்துச் சற்று நேரம் ஆகியிருந்தது.

உப்பு வாங்க வைத்திருந்த கிண்ணம் எங்கே விழுந்ததோ தெரியாது. நான் ஓடினேன். நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை துப்பட்டி தோளில் புரளக் கடைத்தெரு நடுவில் ஓடுவதை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. "என்ன பாயம்மா, என்ன?" என்று யார் யாரோ கேட்டார்கள். கண் இருக்கிறவன் புதுப் போர்டைப் பார்த்தால் திரும்பிக்கொள்வான். போர்டு இல்லாவிட்டாலும் எதிரே பஸ் வருவதைப் பார்த்தால் ஒதுங்குவான். என் வீட்டுக்காரர் எதைப் பார்த்து ஒதுங்குவார்? சிட்டுவோ நான் படித்துக்கொடுத்த வழியில்தான் வரும். ஒரு பிடி புல்லுக்கு ஒரு முக்கு என்று நானே கயிற்றைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த வழி. அல்லாவே, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்!

காப்பிக்கடைக்குக் கொஞ்சம் முந்தி பஸ் நின்று ஆள் இறக்கியது. அதைச் சுற்றிக்கொண்டு லாரி என்னை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. அந்தப் பக்கம் பார்த்தேன். சிட்டு கழுத்தை ஆட்டிக்கொண்டு ஒய்யாரமாக வந்துகொண்டிருந்தது. முன்பலகையில் அவர், தலையில் வெள்ளைத் தொப்பி. பின்னால் டீச்சரின் குடையும் இரண்டு ரெட்டைச் சடையும் தெரிந்தன. லாரிக்காரன் ஹாரனை அடித்தான். ஜட்காக்காரன் பக்கத்துச் சந்தில் ஒதுங்கிவிடுவான் என்று நினைத்தானோ என்னவோ, வேகத்தைக் குறைக்கவில்லை. அவரோ பதினைந்து நாளாக அந்தத் தெருவில் எதிரே ஒரு வண்டியும் வரக் கேட்டதில்லை. சத்தம் பின்னாலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொண்டார். "போய்யா, போ! வழி இருக்குல்ல?" என்று ஒரு கையைத் தூக்கி வீசிக் காட்டினார். சிட்டு மட்டும் காதை விறைத்துக்கொண்டது.

"லாரியை நிறுத்துங்கய்யா!" என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. மூச்சையெல்லாம் இழுத்து, "அவருக்குக் கண்ணு தெரியாது! எம்புருசனுக்குக் கண்ணு தெரியாதுய்யா!" என்று அலறினேன்.

அது கேட்டது. தெரு முழுக்கக் கேட்டது. கடைக்காரர்கள் எட்டிக் குதித்துக் கையை ஆட்டினார்கள். ஆத்மநாதன் வறுக்கிற கரண்டியோடு லாரிக்கு முன்னால் பாய்ந்தார். லாரி கிறீச்சிட்டு நின்றபோது அதன் மூக்குக்கும் சிட்டுவின் மூக்குக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. சிட்டு முன்னங்கால் இரண்டையும் தூக்கி நின்று, பிறகு இறங்கி, நடுங்கிக்கொண்டு நின்றது.

டீச்சர் பிள்ளைகள் இரண்டையும் இறக்கித் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

போலீஸ்காரர் சேவுகன் விசிலோடு ஓடிவந்தார். "பாய், ஒன்வேயை மாத்தியாச்சே, எதிர்ல லாரி வாரதைப் பாக்கலையா?"

"வெயில் கண்ணைக் கூசுச்சு" என்றார் அவர். குரலில் நடுக்கம் இல்லை. "ஆமா, யாரு அந்தப் பொம்பளை? நடுத்தெருவுல நின்னு என்னத்தையோ ஒளறிக்கிட்டு?"

இருபத்தொன்பது வருஷம் கேட்ட குரல் அவருக்குத் தெரியாதா? அப்படியே பூமி வாயைப் பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. சேவுகன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. சொல்ல வேண்டியதை ஊருக்கே சொல்லி முடித்தாகிவிட்டது. எனக்கு மேல்மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது.

அந்த மூச்சுச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கவேண்டும். தலையைத் தாழ்த்திக்கொண்டார். "ஹவ்வா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "சிட்டுக்கு எங்கயாச்சும் அடி பட்டிருக்கான்னு பாத்துச் சொல்லு."

இரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னது அதுதான் முதல் தடவை. கழுத்தை, நெஞ்சை, நாலு காலையும் தடவிப் பார்த்தேன்.

"ஒண்ணும் படலைங்க."

"அப்ப நீயே புடிச்சுக்க" என்று லகானைச் சுருட்டி நீட்டினார். நான் நின்றது வலது பக்கம். அவர் கை நீண்டது இடது பக்கம். குதிரையைச் சுற்றிக்கொண்டு அங்கிட்டுப் போய் அதை வாங்கிக்கொண்டேன்.