நீல விளக்குக்கு அடியில்

அந்த மனுஷன் பஸ் கண்டக்டர். எங்க பச்சைக்குழந்தை வார்டுல நர்ஸுங்க எல்லாரும் அவரை அப்படியே கூப்பிட்டோம். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. பொண்டாட்டி பிரசவ ஆபரேஷன் முடிஞ்சு மாடியில காய்ச்சலோட கிடந்தாங்க. மஞ்சள் காமாலையோட பொறந்த பொண்ணுக்கு இவர்தான் காவல்.

இதுக்குப் பெரிய வைத்தியமெல்லாம் கிடையாது. துணியைக் கழட்டி, கண்ணை மட்டும் மூடிக் கட்டி, நீல விளக்குக்கு அடியில படுக்க வெச்சா போதும். தோல் மேல படுற வெளிச்சம் மஞ்சளைக் கரைச்சு வெளிய அனுப்பிடும். இந்தக் குழந்தைக்கு மட்டும் மஞ்சள் இறங்குவேனான்னு அடம் பிடிச்சுது. டாக்டரம்மா விளக்கை மறுபடி மறுபடி சோதிச்சாங்க. நல்லாத்தான் எரிஞ்சுது. "சாயங்காலமும் இறங்கலேன்னா மூளையைத் தொட்டுடும். உடம்பு ரத்தத்தையே மாத்தியாகணும்"னு சொல்லிட்டாங்க. கண்டக்டர் முகம் செத்துப்போச்சு.

எனக்கு மனசு ஆறல. வெளிச்சம் அளக்குற கருவியை எடுத்துக்கிட்டு நானே போனேன். அளக்கும்போது கூட இருக்கறவங்களை வெளிய அனுப்பிடுவோம். அன்னைக்கு அவசரத்துல அவரை அனுப்ப மறந்துட்டேன். அவர் பாட்டுக்கு விளக்குக்கும் குழந்தைக்கும் நடுவுல தலையை விட்டுக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தார். கருவியில பாதி அளவுகூடத் தேறல. "கொஞ்சம் நகருங்க"ன்னேன். விருட்டுன்னு ஏறிச்சு.

எனக்கு வந்ததே கோபம்! "ஏங்க கண்டக்டரே! படியில நிக்காதே, வழிய விடுன்னு ஊரையே திட்டுற ஆளு, பெத்த பொண்ணுக்கு வர்ற வெளிச்சத்தை இப்படியா மறிச்சுக்கிட்டு நிப்பீங்க?"

அவர் சுவரோட ஒட்டிக்கிட்டார். "முதல் குழந்தை தூங்குதுன்னு நெனச்சு டீ குடிக்கப் போனேன் சிஸ்டர். திரும்பி வந்தா மூச்சு இல்ல. அதான் இவ மேலேர்ந்து கண்ணை எடுக்கறதில்ல."

திட்டின வாயை எங்க கொண்டுபோய் வெக்கிறது?

"மூச்சைப் பார்க்க மிஷின் இருக்கு, நான் இருக்கேன். நீங்க கீழ உக்காந்து குரல் குடுங்க. கண்ணைத்தான் கட்டியிருக்கோம், காது கேக்கும்."

மனுஷன் தரையில சம்மணம் போட்டு உக்காந்தார். அவருக்கு வேற என்ன பேச வரும், பாவம்! "மார்க்கெட்டெல்லாம் எறங்கு… ஸ்கூலெல்லாம் எறங்கு…"ன்னு தன் பஸ் நிக்கிற இடத்தையெல்லாம் மெதுவா சொல்ல ஆரம்பிச்சுட்டார். வார்டே சிரிச்சுது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கல.

சாயங்கால ரத்தப் பரிசோதனையில மஞ்சள் இறங்கியிருந்தது. ரத்தம் மாத்த வேண்டாம்னு டாக்டரம்மா சொன்னதும் எனக்கே உசுரு வந்துச்சு. பால் குடுக்குற நேரம். விளக்கை அணைச்சு, கண்கட்டை எடுத்து, பொண்ணை அவர் கையில குடுத்தேன்.

"இப்ப ஆசை தீரப் பாருங்க."

அவர் குழந்தையை ஜன்னல் பக்கமா நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, தன் தலையை மட்டும் பின்னால சாய்ச்சுக்கிட்டார்.

"அதான் விளக்கை அணைச்சாச்சே, நல்லாப் பாருங்க!"

"வெயில் வருது சிஸ்டர்"னார். "என் நிழல் பட்டுடப் போகுது."