கீழிறங்காத கதவு

கார் ஷெட்டின் ரிமோட் கதவு பாதிவரை இறங்கிவிட்டு மறுபடியும் மேலே ஏறிக்கொண்டது. கற்பகவல்லி ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டுப் பார்த்தாள். கதவு கேட்கவில்லை.

அவள் கணவன் ஜெயபாண்டி ஒரு பட்டாசு ஆலையில் எலக்ட்ரீசியனாக இருந்தவன். அங்கே நடந்த விபத்தில் வலதுகை விரல்கள் போனதிலிருந்து அவன் வெளியே எங்கும் போவதில்லை. கையை அவளுக்குக்கூடக் காட்டாமல் துண்டால் மூடியே வைத்திருப்பான்.

"ஏங்க, மெக்கானிக்க வரச் சொல்லட்டுமா?"

அவன் வந்து கதவோரம் குத்தவைத்தான். கீழே இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டிய சென்சார்களில் ஒன்று கோணியிருந்தது.

"இது வெலகியிருக்கு. குறுக்க ஆளு நிக்கிதுன்னு நெனச்சுக் கதவு ஏறிருது. நான் பிடிச்சுக்கிடுதேன், நீ ஸ்க்ரூவ இறுக்கு."

துண்டை உதறிவிட்டு, தழும்பேறிய உள்ளங்கையால் சென்சாரை அசையாமல் பிடித்தான். விபத்துக்குப் பிறகு அந்தக் கையை அவள் இப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். கண் நிறைந்தது. ஸ்க்ரூவை இறுக்கினாள்.

பொத்தானை அழுத்தியதும் கதவு தரைவரை இறங்கி நின்றது.

"தொறந்து விடு" என்றான் அவன். "வண்டிய எடு. இருக்கன்குடி கோயில் வரைக்கும் போயிட்டு வருவம்."